கல்லூரி வெப்சைட்டில் ஓட்டை இருக்கிறது என்று சொன்னேன், போலீசுக்குப் போவோம் என்கிறார்கள்

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். தருமபுரி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தேன். ஓசூரில் ஒரு கம்பெனியில் ஹெல்ப் டெஸ்க் வேலை பார்த்துக்கொண்டே சைபர் செக்யூரிட்டி படித்தேன். பெங்களூரில் ஒரு நிறுவனம் ஆஃபர் லெட்டர் கொடுத்திருக்கிறது. தம்பி படிக்கும் தனியார் கல்லூரிக்கு ஆன்லைனில் ஃபீஸ் கட்டும்போது, முகவரியின் கடைசி எண்ணை மாற்றினால் மற்ற மாணவர்களின் ஆதார் நகல், சாதிச் சான்றிதழ் எல்லாம் திறப்பதைப் பார்த்தேன். நாலைந்து பேருடையதைத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கல்லூரிக்கு மெயில் அனுப்பினேன். ‘ஏதாவது சன்மானம் கொடுத்தால் சரிசெய்யும் வழியையும் சொல்கிறேன்’ என்றும் எழுதியிருந்தேன். இப்போது அப்பாவுக்கு போன் செய்து, தவறை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுக்காவிட்டால் சைபர் கிரைமில் புகார் செய்வோம், உங்கள் பெண்ணுக்கு எங்கேயும் வேலை கிடைக்காது என்கிறார்கள். எழுதிக் கொடுத்து முடித்துவிடு என்கிறார் அப்பா. நான் செய்தது குற்றமா?

பதில்: அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுக்காதீர்கள், சகோதரி. அப்பாவும் எழுதக் கூடாது. போலீஸ் அதிகாரியிடம் ஒருவர் தரும் ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. பாரதிய சாக்ஷிய அதினியத்தின், அதாவது இப்போதைய சாட்சியச் சட்டத்தின், 23-வது பிரிவு அதைத் தடுக்கிறது. ஆனால் ஒரு கல்லூரி நிர்வாகியிடம் நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. பிரச்சினை முடியட்டும் என்று கொடுக்கும் தாளே நாளைக்கு உங்களுக்கு எதிரான முதல் ஆவணமாக வந்து நிற்கும்.

இனி, குற்றமா என்ற கேள்வி. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43-ஐப் பாருங்கள். உரிமையாளரின் அனுமதி இல்லாமல் ஒரு கணினி அமைப்புக்குள் நுழைவது, அதிலிருந்து தகவலை நகல் எடுப்பது இரண்டும் அதில் வருகின்றன. பாஸ்வேர்டை உடைக்கவில்லை, எண்ணைத்தானே மாற்றினேன் என்று நீங்கள் நினைக்கலாம். அது நல்ல வாதம்தான், ஆனால் அதை மட்டும் நம்பி நிற்க முடியாது. நல்லெண்ணத்தோடு ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொல்பவர்களுக்குத் தனிப் பாதுகாப்பு எதையும் இந்தச் சட்டம் தரவில்லை. இது பெரிய குறை என்பதே என் கருத்து. உங்களைப் போன்றவர்கள் பயந்து வாயை மூடிக்கொண்டால், அந்த மாணவர்களின் ஆதார் நகல் யார் கைக்கும் போகலாம்.

இதில் உங்களுக்குச் சாதகமான இடமும் உண்டு. பிரிவு 43-ஐ மீறினால் நஷ்டஈடு கேட்கலாம், அவ்வளவுதான். அதே செயல் சிறைக்குரிய குற்றமாக வேண்டுமானால் பிரிவு 66-படி ‘நேர்மையின்றி’ அல்லது ‘மோசடியாக’ செய்ததாக இருக்க வேண்டும். அதற்குத் தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பார்த்த உடனே, சொந்தப் பெயரில், சம்பந்தப்பட்டவர்களுக்கே மெயில் அனுப்பிய ஒருவரை நேர்மையற்றவர் என்று நிரூபிப்பது எளிதல்ல.

உங்களைச் சிக்கலில் விடக்கூடியது அந்தச் சன்மான வரிதான். ‘பணம் கொடுத்தால்தான் சொல்வேன்’ என்று அதைத் திருப்பிப் படிக்க முடியும். உங்கள் மனதில் அது இல்லை என்று நான் நம்புகிறேன். ஆனால் புகார் எழுதுபவர் அந்த வரியைத்தான் முதலில் எடுப்பார். அதை வைத்து பாரதிய நியாய சன்ஹிதா என்ற இப்போதைய தண்டனைச் சட்டத்தின் 308-வது பிரிவை, அதாவது மிரட்டிப் பணம் பறித்தலை, சேர்க்கப் பார்ப்பார். வித்தியாசம் பெரியது. பிரிவு 66 ஜாமீனில் விடக்கூடிய குற்றம், 308-ல் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது, நீதிமன்றம் பார்த்துத்தான் தரும். ‘கொடுக்காவிட்டால் வெளியே விடுவேன்’ போன்ற மிரட்டல் எதுவும் உங்கள் மெயிலில் இல்லை என்றால் 308 நிற்காது. அதனால் இன்றே ஒரு வக்கீல் மூலமாகச் சுருக்கமாகப் பதில் அனுப்புங்கள். எனக்குப் பணம் எதுவும் வேண்டாம், ஓட்டையின் முழு விவரம் இதோ, எந்தத் தகவலையும் யாருக்கும் கொடுக்கவில்லை. இவ்வளவு போதும். மன்னிப்பும் வேண்டாம், எதிர் மிரட்டலும் வேண்டாம். மாணவர் விவரங்களைக் காக்காத பொறுப்பு கல்லூரிக்கும் உண்டு என்பது உண்மை. ஆனால் அதை இந்தப் பதிலில் ஆயுதமாக எடுத்தால் அதுவும் மிரட்டலாகவே தெரியும்.

அதே நாளில் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கும் விவரத்தை அனுப்புங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவின் கீழ் நாட்டின் சைபர் சம்பவங்களைக் கவனிப்பது அதுதான். இப்படி வரும் தகவலைப் பெற்று சம்பந்தப்பட்டவர்களிடம் கொண்டுபோவதற்கு அங்கே வழிமுறை இருக்கிறது. உங்கள் நோக்கம் என்ன என்பதற்கு அது தேதியோடு கூடிய சாட்சி.

அப்புறம் ஸ்கிரீன்ஷாட்டுகள். பயத்தில் அழித்துவிடாதீர்கள், லேப்டாப்பை ஃபார்மட் செய்யாதீர்கள், அது தடயத்தை அழித்ததாகப் போய் முடியும். யாருக்கும் அனுப்பவும் கூடாது, நண்பர்களுக்குக் காட்டுவது உட்பட. அந்த வெப்சைட்டை, சரிசெய்துவிட்டார்களா என்று பார்ப்பதற்காகக்கூட, இனி திறக்காதீர்கள். தம்பியின் ஃபீஸை அவனே கட்டட்டும். கோப்புகளின் ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற குறியீட்டை, குறித்து வையுங்கள். மின்னணு ஆவணத்துக்கு சாக்ஷிய அதினியத்தின் 63-வது பிரிவில் கொடுக்க வேண்டிய சான்றிதழில் இப்போது அதையும் கேட்கிறார்கள், உங்களுக்கு அது நிமிட வேலை.

புகார் போய்விட்டால்? மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்று பி.என்.எஸ்.எஸ். என்ற இப்போதைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 173(3) பிரிவு சொல்கிறது. உங்கள் பதிலும் செர்ட்-இன் மெயிலும் அந்தக் கட்டத்தில்தான் அதிகம் உதவும். ஐ.டி. சட்டக் குற்றங்களை இன்ஸ்பெக்டருக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். சாட்சியாக விசாரிப்பதென்றால் பெண்ணை வீட்டில்தான் விசாரிக்க வேண்டும், ஸ்டேஷனுக்கு வரச்சொல்லக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவர் என்றாலும், ஏழு ஆண்டு வரையிலான வழக்குகளில் உடனே கைது செய்யாமல் முதலில் நோட்டீஸ் கொடுப்பதுதான் 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த முறை. லேப்டாப்பை எடுத்தால் பறிமுதல் பட்டியலின் நகலைக் கேட்டு வாங்குங்கள். 308 சேர்த்துவிட்டார்கள் என்று தெரிந்தால் தாமதிக்காமல் தருமபுரி செஷன்ஸ் நீதிமன்றத்தில் முன்ஜாமீன் மனு போட வேண்டும்.

பெங்களூர் நிறுவனத்திடம் இப்போது சொல்ல வேண்டுமா? ஒரு போன் மிரட்டல் வழக்கு ஆகாது. படிவத்தில் ‘உங்கள் மீது வழக்கு உண்டா’ என்று கேட்டால், எஃப்.ஐ.ஆர். இல்லாதவரை ‘இல்லை’ என்பதுதான் உண்மையான பதில். சேரும் முன் எஃப்.ஐ.ஆர். பதிவானால் மறைக்காதீர்கள். உங்கள் துறையில் ஆளை நம்பித்தான் சாவியைக் கொடுக்கிறார்கள். வழக்கைவிட மறைத்ததுதான் வேலைக்கு ஆபத்து.

இனிமேல் எழுத்தில் அனுமதி இல்லாமல் எந்த வெப்சைட்டையும் சோதிக்காதீர்கள். எந்த முகவரி, எந்தத் தேதி வரை, என்னென்ன செய்யலாம் என்பது அந்தத் தாளில் இருக்க வேண்டும். பயிற்சி வேண்டுமென்றால் பக் பவுன்டி, அதாவது ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொன்னால் சன்மானம் என்று, அறிவித்திருக்கும் நிறுவனங்கள் நிறைய இருக்கின்றன. சன்மானத்தை அவர்களே சொல்வார்கள், நீங்கள் கேட்க வேண்டியதில்லை.

வக்கீல் ஃபீஸை நினைத்து அப்பா தயங்கினால், 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவில், வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு என்று சொல்லுங்கள். தருமபுரி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். போகும்போது நீங்கள் அனுப்பிய மெயிலின் பிரின்ட் அவுட், கல்லூரியிலிருந்து வந்த அழைப்புகளின் தேதி, நேரம், ஆஃபர் லெட்டர் நகல் எல்லாவற்றையும் கையில் எடுத்துப் போங்கள்.