கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமா?

வணிகவியல் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் பழைய மடிக்கணினியை விற்கப் போகிறேன். ஒரு மணி நேரம் ஓடினால் சூடாகித் தானே அணைந்துவிடும். வாங்க வருபவர் கேட்காவிட்டாலும் நான் இதைச் சொல்லியாக வேண்டுமா? வாங்குபவர்தான் விழிப்பாக இருக்க வேண்டும் என்று ஒரு பாடம் சொல்கிறது. அடுத்த பாடம் நேர்மையே வணிக நெறியின் அடிப்படை என்கிறது. தேர்வில் எதை எழுதுவது?"

இரண்டையும் எழுதலாம், ஆனால் இரண்டும் ஒரே கேள்விக்கான விடைகள் அல்ல. சட்டம் இங்கே கேட்பது, இந்த விற்பனையை வாங்கியவர் பிற்பாடு ரத்து செய்யவோ உங்களிடம் இழப்பீடு கோரவோ முடியுமா என்பதை. நீங்கள் அவரை நடத்திய விதம் சரியா என்பது நெறியின் கேள்வி.

சட்டத்தின் பக்கத்துக்கு, 1871-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஸ்மித் எதிர் ஹியூஸ் வழக்கைப் படியுங்கள். பந்தயக் குதிரைகளைப் பழக்கும் ஹியூஸின் மேலாளரிடம் ஸ்மித் என்ற விவசாயி ஓட்ஸ் தானியத்தின் மாதிரியைக் கொடுத்தார். மேலாளர் அதை ஒரு நாள் வைத்திருந்து பார்த்துவிட்டு, சரக்கு முழுவதையும் எடுத்துக்கொள்வதாக எழுதினார். ஒரு பகுதி வந்திறங்கிய பின், அது புதிய அறுவடை, தமக்கு வேண்டியது பழையது என்று சொல்லி ஹியூஸ் வாங்க மறுத்தார். வாங்குபவர் தானாகவே தவறாக எண்ணிக்கொண்டிருக்க, விற்பவர் பேசாமல் இருந்தார் என்பதற்காக மட்டும் ஒப்பந்தத்தை உதறிவிட முடியாது என்றது நீதிமன்றம். அறத்தின் மன்றத்தில் நிலைமை எப்படி இருந்தாலும், தான் உண்டாக்காத தவறான எண்ணத்தைத் திருத்தும் சட்டக் கடமை விற்பவருக்கு இல்லை என்பது நீதிபதி பிளாக்பர்னின் கருத்து. உங்கள் இரண்டு பாடங்களையும் அவர் அந்த ஒரே வாக்கியத்தில் தனித்தனியாகப் பிரித்து வைத்துவிட்டார்.

ஆனால் இந்த விதியை மட்டும் எழுதி நிறுத்துவதில்தான் மாணவர்கள் மதிப்பெண் இழக்கிறார்கள். மௌனம் வேறு, அரைகுறை உண்மை வேறு. "எப்படி ஓடுகிறது?" என்று அவர் கேட்க, "திறந்து பாருங்கள், நன்றாகத்தான் ஓடுகிறது" என்று பத்து நிமிடம் இயக்கிக் காட்டினால், அது மௌனம் அல்ல, தவறான கூற்று. சொன்னபோது உண்மையாக இருந்த ஒன்று பிறகு மாறிவிட்டாலும் இதே நிலைதான். 1936-இல் தீர்ப்பான வித் எதிர் ஓஃப்ளனகன் வழக்கில், தம் மருத்துவத் தொழிலை விற்க முன்வந்த மருத்துவர், ஆண்டு வருமானம் சுமார் 2,000 பவுண்டு என்று ஜனவரியில் சொன்னது பொய்யல்ல. இடையில் அவர் நோயுற்றார். மே மாதம் கையெழுத்தாகும்போது வருமானம் ஏறக்குறைய வற்றிப்போயிருந்தது. அதைச் சொல்லாததால் ஒப்பந்தம் ரத்தானது. காப்பீட்டில் விதி இன்னும் கடுமையானது: விண்ணப்பிப்பவருக்கு மட்டுமே தெரிந்த முக்கியமான செய்தியை மறைக்கக் கூடாது என்று இங்கிலாந்து நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு 1766-லேயே வகுத்துவிட்டார். கூட்டாளிகளுக்கு இடையிலும் இப்படித்தான். பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவருக்கும், கைமாற்றி விற்கும் தனிநபருக்கும் தரம் குறித்த பொறுப்பு ஒன்றல்ல என்பதையும் மறக்க வேண்டாம்.

நாட்டுக்கு நாடு கோடு நகரும். பிரான்ஸில் 2016-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குப் பின், எதிர்த்தரப்பின் சம்மதத்தையே தீர்மானிக்கக்கூடிய செய்தி தெரிந்தவர், மற்றவர் அதை அறியாதிருப்பதற்கு நியாயம் இருந்தால், சொல்லியே ஆக வேண்டும். ஆகவே எந்த நாட்டுச் சட்டத்தின்படி எழுதுகிறீர்கள் என்பதை விடையின் முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள்.

நெறியின் பக்கம் இதைவிடப் பழையது. பஞ்சத்தில் வாடும் ரோட்ஸ் தீவுக்குத் தானியக் கப்பலோடு வரும் வணிகர், பின்னால் மேலும் பல கப்பல்கள் வருவதை அறிவார். சொன்னால் விலை இறங்கும். அவர் சொல்ல வேண்டுமா? கி.மு. 44-இல் ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ இதை விவாதிக்கிறார். சொல்லாதிருப்பது எல்லாமே மறைப்பு ஆகாது. மற்றவர் அறிந்தால் அவருக்குப் பயன்படும் ஒன்றை, உங்கள் ஆதாயத்துக்காக அவர் அறியாமல் இருக்கட்டும் என்று விரும்புவதுதான் மறைப்பு என்பது அவர் முடிவு. என் கணிப்பில், இதுவரை கிடைத்த அளவுகோல்களில் மாணவர்களுக்கு மிகவும் பயன்படுவது இதுவே. ஹியூஸின் மேலாளராவது மாதிரியை ஒரு நாள் கையில் வைத்திருந்தார்; உங்கள் கணினியின் குறையோ ஒரு மணி நேரம் இயக்கினால்தான் வெளிப்படும், அவ்வளவு நேரம் யாரும் நின்று பார்ப்பதில்லை.

தேர்வில் பொது விதி, விதிவிலக்கு, உங்கள் உண்மைநிலைக்கு அவை பொருந்தும் விதம் என்ற வரிசையில் எழுதி, நெறியைத் தனிப் பத்தியில் வையுங்கள். "பொறுப்பு எழாது" என்று எழுத வேண்டிய இடத்தில் "செய்தது சரி" என்று எழுதிவிடாதீர்கள். மடிக்கணினியைப் பொறுத்தவரை, "ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் சூடாகி அணையும், விலை அதற்கேற்பக் குறைக்கப்பட்டுள்ளது" என்று விற்பனைக் குறிப்பிலேயே எழுதி, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். குறையை மறைத்துவிட்டதாக வாங்கியவர் நாளை வந்து சொன்னால், காட்டுவதற்கு அது போதும்.