சுவரே இல்லாத விலங்கு செல்கள் எப்படி ஒட்டி நிற்கின்றன? சுவருக்குள் இருக்கும் தாவர செல்கள் எப்படித் தொடர்பு கொள்கின்றன?

'தாவர செல்லுக்குச் சுவர் உண்டு, விலங்கு செல்லுக்கு இல்லை' என்ற வேறுபாட்டு அட்டவணையைப் படித்துவிட்டு இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 14 ஆண்டுகளாக உயிரியல் நடத்துகிறேன். அம்மா நோயில் விழுந்த பிறகுதான் இந்தக் கேள்வி எனக்கே உறைத்தது.

முதலில் தாவரம். அடுத்தடுத்த சுவர்களைப் பெக்டின் பசைபோல ஒட்டி வைக்கிறது. ஆனால் சுவர் முழு அடைப்பு இல்லை. பிளாஸ்மோடெஸ்மாட்டா என்ற நுண்வழிகள் அதை ஊடுருவிச் செல்கின்றன. அகலம் சுமார் 50 நானோமீட்டர். 1879இல் எட்வார்ட் டாங்கல் இவற்றைப் பார்த்து எழுதினார். இரு செல்களின் சவ்வும் இந்த வழியில் ஒன்றாகவே தொடர்கிறது. சர்க்கரையும் சில புரதங்களும் இப்படித்தான் கைமாறுகின்றன. காயம் பட்டால் செடி காலோஸ் என்ற மாவுச்சத்து போன்ற பொருளை வைத்து வழியை இறுக்கிக்கொள்ளும். சுவரைத் துளைக்க முடியாத வைரஸ்களோ இதே வழியை அகலப்படுத்திக்கொண்டு அடுத்த செல்லுக்குள் போய்விடும்.

சரி, அம்மாவுக்கு வருகிறேன். முதலில் வாயில் புண். சாதாரண வாய்ப்புண் என்று ஐந்து மாதம் ஜெல்லும் வைட்டமின் மாத்திரையும்தான் கொடுத்தார்கள். அந்த ஐந்து மாதத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. அப்புறம் முதுகில் கொப்புளங்கள். ஒருநாள் திருப்பிப் படுக்க வைக்கத் தோளைப் பிடித்தேன். என் கட்டைவிரலுக்குக் கீழே தோலின் மேற்படலம் நனைந்த காகிதம்போல வழுக்கி நகர்ந்தது. கையை எடுக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம்.

நோயின் பெயர் பெம்பிகஸ் வல்காரிஸ். தோல் செல்களை ஒன்றோடொன்று பூட்டி வைப்பவை டெஸ்மோசோம்கள். அந்தப் பூட்டில் உள்ள டெஸ்மோகிளீன் புரதத்தை, கிருமிகளைத் தாக்க வேண்டிய உடம்பின் ஆன்டிபாடிகளே தாக்குகின்றன. நான் ஆசிரியர் என்று தெரிந்ததும் மருத்துவர் அம்மாவின் தோல் துண்டை வைத்த பயாப்சி ஸ்லைடைக் காட்டினார். மேலே செல்கள் பிரிந்து மிதந்தன. அடிவரிசை மட்டும் கல்லறைக் கற்கள் நட்டதுபோல நின்றது. பக்கத்துச் செல்லைப் பிடிக்கும் பூட்டு வேறு, கீழே உள்ள அடித்தளச் சவ்வைப் பிடிக்கும் பூட்டு வேறு. இரண்டாவது இன்டெக்ரின் புரதத்தால் ஆனது. அதை இந்த நோய் தொடவில்லை. உங்கள் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் பார்த்ததில்லை.

நான் மருத்துவர் இல்லை; கொப்புளம் வந்தாலே பெம்பிகஸ் என்று சொல்லவில்லை. டெஸ்மோசோம் மட்டுமே இணைப்பு என்றும் சொல்லவில்லை. குடலில் செல்களுக்கு நடுவே எதுவும் எளிதில் கசியாதபடி தைத்து வைக்கும் இறுக்க இணைப்புகள் உண்டு. இதயத் தசையில் இடைவெளி இணைப்புகள் உண்டு. ஆறு கனெக்சின் புரதங்கள் சேர்ந்து ஒரு வளையம்; எதிர்ச் செல்லின் வளையத்தோடு அது பொருந்தினால் அயனிகள் நேராகப் பாயும். இதயம் ஒருசேரத் துடிப்பது அதனால்தான். தாவரத்தின் நுண்வழிக்கு விலங்கில் நெருங்கிய இணை இதுவே.

   

அம்மாவுக்கு இப்போது புதிய கொப்புளம் இல்லை. ஸ்டீராய்டு அளவைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். போன வாரம் நானே முதுகு தேய்த்துவிட்டேன். தோல் நகரவில்லை.