பெல்ஃபாஸ்டில் அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டண்டுகளும் சமாதானமானது எப்படி?

வட அயர்லாந்தின் சண்டையை முடிக்க 1998 ஏப்ரலில் தலைவர்கள் புனித வெள்ளி ஒப்பந்தம் போட்டார்கள், சரி. தெருவில் குடியிருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பது கேள்வி. மேற்கு பெல்ஃபாஸ்டில் சில ஆண்டுகள் நர்ஸாக வேலை பார்த்தவள் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வேலையில் சேர்ந்த முதல் வாரம். தொலைபேசியில் என் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்: "எம், ஏ, ஹெச்..." பக்கத்தில் இருந்த சக ஊழியர் சிரித்துவிட்டார். "அட, நீ கத்தோலிக்கப் பக்கமா?" அந்த ஊரில் கத்தோலிக்கர்கள் 'ஹெச்' என்பார்கள், புராட்டஸ்டண்டுகள் 'ஏச்' என்பார்கள். ஓர் எழுத்தை வைத்தே ஆளை எடைபோடும் ஊர் அது. பெயர், படித்த பள்ளி, தெரு எல்லாமே துப்புதான். சண்டை பைபிளைப் பற்றியதும் அல்ல. பெரும்பாலான கத்தோலிக்கர்கள் விரும்புவதுபோல அயர்லாந்தோடு சேர்வதா, பெரும்பாலான புராட்டஸ்டண்டுகள் விரும்புவதுபோல பிரிட்டனோடு இருப்பதா என்பதுதான். முப்பது ஆண்டுகளில் 3,500 பேருக்கு மேல் செத்திருக்கிறார்கள்.

சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1969இல் தற்காலிகம் என்று சொல்லி எழுப்ப ஆரம்பித்த சுவர்கள் இன்னும் நிற்கின்றன. கத்தோலிக்க ஃபால்ஸ் பக்கத்தையும் புராட்டஸ்டண்ட் ஷாங்கில் பக்கத்தையும் பிரிக்கும் சுவரில் லானார்க் வே கதவை இரவானால் பூட்டிவிடுவார்கள். 2023க்குள் எல்லாச் சுவர்களையும் எடுத்துவிடுவோம் என்று அரசு 2013இல் சொன்னது. நடக்கவில்லை. ஆனால் அந்தச் சுவர் ஓரங்களில் சாதாரண ஆட்கள் செய்த வேலை இருக்கிறதே, அதுதான் உங்கள் கேள்விக்குப் பதில்.

எனக்கு மிகவும் பிடித்தது செல்போன் கதை. 1990களின் பிற்பகுதியில் இரு பக்கத்துச் சமூகப் பணியாளர்கள் கையிலும் ஆளுக்கொரு செல்போன் கொடுத்தார்கள். புராட்டஸ்டண்டுகளின் ஜூலை மாத ஊர்வலக் காலத்தில் கல் விழும், வதந்தி அதைவிட வேகமாக ஓடும். "அந்தப் பக்கம் நூறு பேர் திரண்டு வருகிறார்கள்" என்று ஒருவன் கத்தினால் போதும், இந்தப் பக்கமும் நூறு பேர் திரண்டுவிடுவார்கள். இப்போது இங்கிருப்பவர் அங்கே போன் போட்டுக் கேட்கலாம். பெரும்பாலும் பொழுதுபோகாத பையன்கள் நாலு பேராகத்தான் இருக்கும். அவரவர் பக்கத்துப் பையன்களை அவரவர்தான் விரட்ட வேண்டும். அடுத்த பக்கத்துப் பிள்ளையை நீங்கள் அதட்டினால் அது தனிக் கலவரமாகிவிடும். அதனால் இரவு இரண்டு மணி வரை மழையில் தங்கள் தெருமுனையிலேயே நிற்பார்கள். இந்த வேலைக்கு யாரும் மாலை போடுவதில்லை.

இன்னொன்று ஸ்டூவர்ட்ஸ்டவுன் சாலை. ஒருபுறம் லெனடூன், பெரிய கத்தோலிக்கக் குடியிருப்பு. மறுபுறம் சஃபோக், ஆயிரம் பேர்கூடத் தேறாத புராட்டஸ்டண்ட் பகுதி. 1970களின் தொடக்கத்தில் இங்கே வீட்டுக்காகவே பெரிய மோதல் நடந்தது. 1972 ஜூலையில், அயர்லாந்தோடு சேர ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ. இயக்கத்தின் சண்டை நிறுத்தம் முறிந்ததும் லெனடூனில் வீடு ஒதுக்கும் தகராறில்தான். 1996இல் இரு பக்கத்தாரும் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். கட்டிப்பிடித்துக் கண்ணீர் விட்டிருப்பார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். அவர்கள் பேசியது கடை பற்றி! எல்லைச் சாலையில் பாழடைந்து கிடந்த கட்டடத்தை எடுத்துக் கடைகளும் அலுவலகங்களும் கட்டலாமா என்று. நிர்வாகக் குழுவில் இரு பக்கத்துக்கும் சம இடம், கூடவே வெளியாட்கள் சிலர். வருமானத்திலும் இரு பக்கத்துக்கும் பங்கு. ஆள் எண்ணிக்கையில் சஃபோக் ஒரு கைப்பிடிதான், ஆனாலும் சம இடம். அதற்கு லெனடூன்காரர்கள் ஒத்துக்கொண்டதுதான் என் கணக்கில் பெரிய விஷயம். எண்ணிக்கையில் பெரியவர்கள் அப்படி இறங்கி வருவதை வேறு எங்கே பார்க்கிறோம்?

அதற்கும் முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது, வெளியே தெரியாதது: தங்கள் ஆட்களிடம் பேசுவது. எதிர்ப்பக்கத்தோடு உட்கார்ந்தவரைச் சொந்தத் தெருவே துரோகி என்று சொல்லும். அந்தப் பேச்சைத் தாங்கிக்கொண்டு சமையலறை சமையலறையாகப் போய் விளக்கம் சொல்லாமல் ஒரு செங்கல்கூட வைத்திருக்க முடியாது. வட பெல்ஃபாஸ்டின் கிரம்லின் சாலையில் முப்பது ஆண்டு நின்ற சுவரை 2016இல் எடுத்ததும் இப்படித்தான், அங்கே குடியிருந்தவர்கள் சரி என்ற பிறகு.

எல்லாம் சுமுகம் என்று நினைத்துவிடாதீர்கள். 2021 ஏப்ரலில் அதே லானார்க் வே அருகே ஒரு பேருந்தைக் கொளுத்தினார்கள், சுவருக்கு மேலாகப் பெட்ரோல் குண்டுகள் பறந்தன.

என்னோடு வேலை பார்த்த ஓர் அம்மா சஃபோக்காரர். அங்கே வேலியை எடுத்துவிடலாமா என்று ஒருநாள் கேட்டேன். "எடுக்கட்டும், நான் செத்த பிறகு" என்றார். அன்று மாலை ஸ்டூவர்ட்ஸ்டவுன் சாலைக் கடையில் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, வரிசையில் தனக்கு முன்னால் நின்ற லெனடூன்காரியிடம் பேரப்பிள்ளையின் இருமலைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்.