திட்டினால் மதிப்பெண் ஏறுகிறதா?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. படிக்காத பெண் என்று சொல்ல முடியாது. தினமும் இரவு பாடத்தை மூன்று நான்கு தடவை வாசிக்கிறாள். வாசித்து முடித்த கையோடு நான் கேள்வி கேட்டால் கடகடவென்று பதில் சொல்கிறாள். ஒரு வாரம் கழித்துத் தேர்வில் அதே கேள்வி வந்தால் கோட்டை விட்டுவிடுகிறாள். கணக்கில் ஒரு தேர்வில் மேலே, அடுத்ததில் கீழே. இத்தனைக்கும் நான் கவனிக்காத அப்பா இல்லை. ஒவ்வொரு தேர்வின் மதிப்பெண்ணையும், அதற்கு நான் என்ன செய்தேன் என்பதையும் ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். 91 எடுத்தாள், பாராட்டினேன், அடுத்ததில் 73. நன்றாகத் திட்டினேன், 84 வந்தது. சந்தோஷத்தில் மறுபடியும் பாராட்டித் தொலைத்தேன், 76. திட்டினேன், 88. இதைப் பார்த்த பிறகு பாராட்டுவதையே நிறுத்திவிட்டேன். அவள் அம்மா மட்டும் எனக்குத் தெரியாமல் மெச்சிக்கொள்கிறாள் என்று சந்தேகம். என் கேள்வி இதுதான்: அவளுக்குக் கவனக்குறைபாடு ஏதாவது இருக்குமா? டாக்டரிடம் காட்ட வேண்டுமா? மனதை ஒருமுகப்படுத்த என்ன பயிற்சி கொடுக்கலாம்?

பதில்: டாக்டர் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்குக் கண்ணில் பட்டது வேறு ஒரு வரி. "பாராட்டுவதையே நிறுத்திவிட்டேன்" என்று, வீட்டுக்குப் பேப்பர் போடுவதை நிறுத்திவிட்டேன் என்கிற தொனியில் எழுதிவிட்டு, அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

இந்தக் கணக்கு எனக்குப் புதிதல்ல. பாராட்டினால் தலைக்கனம் ஏறுகிறது, திட்டினால் வழிக்கு வருகிறது என்று எழுதாத பெற்றோர் குறைவு. மற்றவர்கள் மனதுக்குள் போட்ட கணக்கை நீங்கள் மையில் எழுதி வைத்திருக்கிறீர்கள். அது ஒரு விதத்தில் நல்லதுதான். மையில் இருப்பதைச் சரிபார்க்க முடியும். பார்த்துவிடலாம்.

91, 73, 84, 76, 88. கூட்டி ஐந்தால் வகுத்தால் 82க்குக் கொஞ்சம் மேலே வருகிறது. உங்கள் மகள் கணக்கில் ஏறக்குறைய 82 எடுக்கிற பெண். எந்த ஒரு தேர்வின் மதிப்பெண்ணிலும் அவளுக்குத் தெரிந்தது ஒரு பங்கு என்றால், அன்றைய நிலவரம் இன்னொரு பங்கு: எந்தப் பாடத்திலிருந்து அதிகம் கேட்டார்கள், முந்தைய இரவு தூங்கினாளா, கூட்டலில் எங்கே கை தவறியது, திருத்தியவர் எப்படித் திருத்தினார். 91 வந்த அன்று அவளுக்குத் தெரிந்ததோடு நிலவரமும் சேர்ந்து கைகொடுத்திருக்கும். அடுத்த தேர்விலும் அதே போல எல்லாம் கூடி வரும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே மதிப்பெண் 82 பக்கம் இறங்கும். 73 வந்த அன்று எல்லாம் காலை வாரியிருக்கும். அடுத்த தடவை அவ்வளவு மோசமாக இருக்காது, ஏறும். நீங்கள் பாராட்டியது எப்போது? உச்சத்தில் இருந்தபோது. திட்டியது எப்போது? பள்ளத்தில் இருந்தபோது. உச்சத்துக்குப் பிறகு இறக்கமும் பள்ளத்துக்குப் பிறகு ஏற்றமும் நீங்கள் வாயே திறக்காமல் இருந்திருந்தாலும் வந்திருக்கும்.

நம்பிக்கை வரவில்லையா? நோட்டைப் பின்னாலிருந்து வாசியுங்கள். 88, அதற்கு முன்னால் 76. 76க்கு முன்னால் 84. 84க்கு முன்னால் 73. 73க்கு முன்னால் 91. தலைகீழாக வாசித்தாலும் உயர்ந்த மதிப்பெண்ணை ஒட்டித் தாழ்ந்தது, தாழ்ந்ததை ஒட்டி உயர்ந்தது. இப்போது சொல்லுங்கள், 84க்கு நீங்கள் கொடுத்த பாராட்டு காலத்தில் பின்னோக்கிப் போய் முந்தைய தேர்வை 73ஆக இறக்கியதா?

இந்தத் தலைகீழ் வாசிப்பு என் சரக்கல்ல. பிரான்சிஸ் கால்டன் 1886இல் பெற்றோரின் உயரத்தையும் வளர்ந்த பிள்ளைகளின் உயரத்தையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியை நோக்கிச் சற்றுக் குறைவாக இருந்தார்கள். அதே அட்டவணையை மறுபக்கமிருந்து பார்த்தால் மிக உயரமான பிள்ளைகளின் பெற்றோரும் சராசரியை நோக்கிச் சற்றுக் குறைவுதான். பிள்ளை அப்பாவின் உயரத்தை மாற்ற முடியாது. இரண்டு அளவுகள் முழுக்க ஒத்துப்போகாத இடத்தில் எல்லாம் தானாகவே நடக்கிற ஒன்று இது. சராசரிக்குத் திரும்புதல் என்பார்கள்.

நீங்கள் விழுந்த அதே குழியில் விவரமான ஆட்களும் விழுந்திருக்கிறார்கள். 2002இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன், 1960களில் இஸ்ரேல் விமானப்படையின் பயிற்சியாளர்களுக்கு வகுப்பு எடுத்தார். தண்டனையைவிடப் பாராட்டுத்தான் கற்றலுக்கு உதவும் என்று அவர் சொன்னபோது, அனுபவமுள்ள பயிற்சியாளர் ஒருவர் எழுந்து ஏறக்குறைய உங்கள் கடிதத்தையே ஒப்பித்தார். வானில் ஒரு சாகசத்தை அழகாகச் செய்தவனைப் பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறான், சொதப்பியவனிடம் கத்தினால் அடுத்த முறை நன்றாகச் செய்கிறான், ஆகவே இந்தக் கதையெல்லாம் எங்களிடம் வேண்டாம் என்றார். கானமன் வாதம் செய்யவில்லை. தரையில் ஓர் இலக்கைக் குறித்து, ஒவ்வொருவரையும் அதற்கு முதுகைக் காட்டி நின்று இரண்டு நாணயங்களை எறியச் சொன்னார். முதல் எறிதலில் நெருங்கி விழுந்தவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டாவது விலகிப் போனது; முதலில் விலகியவர்களுக்கு இரண்டாவது நெருங்கியது. அங்கே யாரும் பாராட்டவும் இல்லை, கத்தவும் இல்லை.

இதில் எனக்குப் பயமாக இருப்பது ஒன்று உண்டு. பிள்ளை நன்றாகச் செய்தபோது பாராட்டுகிறோம், மோசமாகச் செய்தபோது திட்டுகிறோம். அதனால் பாராட்டியவருக்கு ஏமாற்றமும் திட்டியவருக்குப் பலனும் அடிக்கடி கிடைக்கிற மாதிரியே தெரியும். உலகமே கூடி நின்று திட்டுவதற்குப் பயிற்சி கொடுக்கிறது. பால் ஷாஃப்னர் என்கிற ஆய்வாளர் 1985இல் இதைச் சோதித்துப் பார்த்தார். கற்பனையான ஒரு மாணவன் பள்ளிக்கு வந்து சேரும் நேரத்தைக் கணினி நாள்தோறும் காட்டும். பங்கேற்றவர்கள் அவனைப் பாராட்டலாம், கண்டிக்கலாம், சும்மா விடலாம். வரும் நேரமெல்லாம் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டவை. என்ன செய்தாலும் மாறாது. அப்படியிருந்தும் பெரும்பாலோர் கண்டிப்புத்தான் வேலை செய்தது என்ற முடிவோடு எழுந்து போனார்கள். இல்லாத பையனையே திட்டித் திருத்திவிட்டதாக நம்பியவர்கள் அவர்கள். உங்கள் முன்னால் இருப்பது உயிருள்ள பெண்.

சரி, அந்த 88க்கு வருவோம். 76இலிருந்து 88. பன்னிரண்டு மதிப்பெண் ஏற்றம். அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கடிதத்தில் இல்லை. "திட்டினேன், 88" என்பதோடு நிற்கிறது. அடுத்த வரியில் பாராட்டு நின்றுவிட்டது. அப்படியானால் அன்று அவள் விடைத்தாளைக் கொண்டுவந்து நீட்டியபோது நீங்கள் வாங்கிப் பார்த்து, நோட்டில் எழுதி, திருப்பிக் கொடுத்தீர்கள். அவ்வளவுதானே? 14 வயதுப் பெண் அதிலிருந்து என்ன கற்றுக்கொண்டிருப்பாள் என்று யோசித்தீர்களா? கற்றலைப் பற்றிக் கவலைப்பட்டுத்தானே எழுதியிருக்கிறீர்கள்!

இன்னொன்றும் சொல்கிறேன். அடுத்த தேர்வில் அவள் 88ஐவிடக் குறைவாக எடுக்கவே வாய்ப்பு அதிகம். அப்போது என்ன எழுதுவீர்கள்? இந்த முறை நீங்கள் பாராட்டவில்லையே. அதற்கும் விடை தயாராக வைத்திருக்கிறீர்கள்: அம்மா ரகசியமாக மெச்சியிருப்பாள். மதிப்பெண் ஏறினால் உங்கள் கண்டிப்பு, இறங்கினால் அவருடைய செல்லம். எது நடந்தாலும் தோற்காத கணக்கை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது ஐயா. உங்கள் தீர்மானத்தைக் காப்பாற்ற மனைவியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றத் தயாராகிவிட்டீர்கள், அது உங்களுக்கே தெரியவில்லை. பெற்ற பெண்ணை ஒருவர் பாராட்ட, இன்னொருவர் வீட்டில் இல்லாத நேரம் பார்க்க வேண்டியிருக்கிறது என்றால், நீங்கள் முதலில் கவலைப்பட வேண்டியது கணக்குப் பாடத்தைப் பற்றி அல்ல.

நான் கண்டிப்புக்கு எதிரி இல்லை. படிக்க வேண்டிய வயதில் படிப்பது பிள்ளையின் கடமை என்றுதான் நினைக்கிறேன். படிக்காமல் ஏமாற்றினால், பொய் சொன்னால் கேட்க வேண்டியதும் பெற்றவர்கள்தான். அதைப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து செய்ய மாட்டார். உங்கள் பெண் படிக்கிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் எதற்குத் திட்டு? 73க்கா? பிள்ளை ஒன்றைச் சாதித்துக்கொண்டு வந்து நிற்கும்போது முகம் மலர்வது அப்பாவின் கடமைகளில் ஒன்று. அது பலன் தருகிறதா என்று சோதித்து, தராவிட்டால் நிறுத்திவிடுகிற விஷயமே இல்லை. ஆராய்ச்சி நாளைக்கு வேறு மாதிரிச் சொன்னாலும் இதில் நான் மாற மாட்டேன்.

உங்கள் நோட்டிலிருந்து, திட்டுவது கெடுதல் என்றும் நிரூபிக்க முடியாது. அதையும் சொல்லிவிடுவது நியாயம். அதிலிருந்து இரண்டையும் பற்றி ஒன்றுமே தெரியாது, அவ்வளவுதான். பாராட்டும் மந்திரம் இல்லை. 1996இல் ஆவ்ரஹாம் க்ளூகரும் ஆஞ்சலோ டெநிசியும், செய்த வேலையைப் பற்றி ஒருவரிடம் கருத்துச் சொல்வது என்ன விளைவைத் தருகிறது என்று அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். 600க்கும் மேற்பட்ட அளவீடுகள். சராசரியில் பலன் இருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவற்றில், கருத்துச் சொன்ன பிறகு செயல்திறன் குறைந்திருந்தது. பேச்சு வேலையை விட்டு ஆளைப் பற்றித் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். "நீ கெட்டிக்காரி" என்பதும் "நீ உருப்படாதவள்" என்பதும் ஆளைப் பற்றியவை. "இந்தக் கணக்கில் மூன்றாவது படி வரைக்கும் சரியாகப் போட்டிருக்கிறாய், இங்கே குறியை மாற்றாமல் விட்டுவிட்டாய்" என்பது வேலையைப் பற்றியது. இதைச் சொல்ல விடைத்தாளை உட்கார்ந்து படிக்க வேண்டும். மேலே உள்ள எண்ணை மட்டும் பார்க்கிறவரால் முடியாது.

இப்போது இரவில் ஒப்பித்து, ஒரு வாரத்தில் மறக்கிற விஷயம். இது கவனக்குறைபாட்டின் அடையாளம் என்று நினைத்துவிட்டீர்கள். 2006இல் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஒரு சோதனையைக் கேளுங்கள். ஒரு குழு ஒரு பத்தியை நான்கு சுற்று வாசித்தது. இன்னொரு குழு ஒரே சுற்று வாசித்துவிட்டு, மூன்று முறை தாளை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடத்தில் கேட்டபோது வாசித்துக்கொண்டே இருந்தவர்கள்தான் முன்னால்: அவர்கள் 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் வாசித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. ஆனால் ஒரு வாரத்தில் எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள், நான்கு சுற்றும் வாசித்தவர்கள்.

உங்கள் மகள் மூன்று நான்கு முறை வாசிக்கிறாள். நீங்கள் கையோடு கேட்கிறீர்கள். சூடு ஆறுவதற்குள் கேட்டால் யாரும் சொல்லிவிடுவார்கள். அவளும் தெரியும் என்று நம்பிவிடுகிறாள், நீங்களும் நம்பிவிடுகிறீர்கள். ஒரு வாரம் கழித்துச் சாதாரணமான மறதி வந்து நிற்கும்போது அதற்கு நோயின் பெயரைத் தேடுகிறீர்கள். கண்முன் தெரிந்ததை வைத்து அவசரமாகத் தீர்ப்பு எழுதுவது நோட்டிலும் நடந்தது, இங்கேயும் நடக்கிறது.

ஆகவே ஒருமுகப்படுத்தும் பயிற்சி எதுவும் வேண்டாம். ஒரு தடவை வாசிக்கட்டும், புத்தகத்தை மூடிவிட்டு நினைவில் உள்ளதை எழுதட்டும், விட்டுப்போனதைப் பார்த்துக்கொள்ளட்டும். இரண்டு நாள் கழித்து ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை. ஆரம்பத்தில் திணறுவாள், முன்பைவிடக் குறைவாகத் தெரிந்த மாதிரி இருக்கும். அந்தத் திணறலுக்கு நீங்கள் குரலை உயர்த்தினால் மறுபடியும் பத்திரமான வாசிப்புக்கே போய்விடுவாள். அப்பா இன்றைக்கு எந்த முகத்தோடு இருக்கிறார் என்று பார்த்துக்கொண்டே வகுத்தல் கணக்குப் போடுகிற பிள்ளையின் கவனம் சிதறத்தான் செய்யும். கவலைக்கு ஒரு பங்கு மனம் போய்விட்டால் கணக்குக்கு மிச்சம்தான் கிடைக்கும்.

டாக்டர். உண்மையான கவனக்குறைபாடு 14 வயதில் கணக்குத் தேர்வில் மட்டும் புதிதாக முளைக்காது. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், வீடு பள்ளி என்று ஓர் இடத்துக்கு மேல் தெரிய வேண்டும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கிற அளவுகோல். சின்ன வயதிலிருந்தே எதையும் முடிக்காமல் விடுவது, பொருள்களைத் தொலைப்பது, பேசும்போதே வேறெங்கோ போய்விடுவது இவையெல்லாம் இருந்து, ஆசிரியர்களும் அதையே சொன்னால் தயங்காமல் போங்கள்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. போவதாக இருந்தால் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். மருத்துவர் அவளுடைய சிறு வயதைப் பற்றித்தான் முதலில் கேட்பார், பதிலை இரண்டு பேரிடமிருந்தும் கேட்டுக்கொள்வது அவருக்கு நல்லது. நோட்டை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாம்.