1970களின் கொந்தளிப்பு இன்றைய இலங்கையில் எங்கே தெரிகிறது?

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தெரிகிறது. அப்பா யாழ்ப்பாணம், அம்மா திருகோணமலை மாவட்டத்து மூதூர். நான் பிறந்து படித்தது திருகோணமலை நகரில். ‘தரப்படுத்தல்’ என்ற சொல் விழுந்தால் போதும், இருவரும் ஆளுக்கொரு கரையில் நிற்பார்கள். 1970களில் பல்கலைக்கழக அனுமதியை மொழி வாரியாகவும் பிறகு மாவட்ட வாரியாகவும் மாற்றியமைத்த முறை அது.

அந்தப் பத்தாண்டில் நடந்தவை கொஞ்சமல்ல. 1971 கிளர்ச்சி, 1972 குடியரசு யாப்பு, இறக்குமதித் தடை, பாண் வரிசை, 1977இல் திறந்த பொருளாதாரம். பாண் வரிசையை 2022இல் மண்ணெண்ணெய்க்குக் கால்கடுக்க நின்றபோது அம்மா நினைவுபடுத்தினார். அதோடு அது முடிந்தது. பல்கலைக்கழக அனுமதி மட்டும் இன்னும் முடியவில்லை.

1971இல் மருத்துவ பீடத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவர் 400க்கு 250 புள்ளி எடுக்க வேண்டியிருந்தது. சிங்களமொழி மூல மாணவருக்கு 229 போதுமானது. இதை அநியாயம் என்பதற்கு எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. தமிழ் இளைஞர்களின் கோபத்துக்கு அது எண்ணெய் வார்த்தது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு, அதாவது இடங்களை மாவட்டவாரியாகப் பங்கிடும் முறை, வந்தது. நல்ல பள்ளிக்கூடங்கள் நிறைந்த யாழ்ப்பாணம் அதில் அடிபட்டது. அப்பா அந்த வருடங்களில் பல்கலைக்கழகம் புகுவதற்கான உயர்தரப் பரீட்சை எழுதியவர். பொறியியல் கைநழுவியது, எழுதுவினைஞராகவே ஓய்வு பெற்றார். என் பிறந்த திகதி அவருக்கு மறந்துபோகும், தனக்குக் குறைந்த புள்ளி மறக்காது.

ஆனால் ஆய்வுகூடமே இல்லாத பள்ளிக்கூடத்தில் படித்த என் மாமா, அம்மாவின் அண்ணன், அதே மாவட்ட ஒதுக்கீட்டால்தான் பல்கலைக்கழகம் போனார். மூதூர், கிண்ணியாப் பக்கத்துத் தமிழ், முஸ்லிம் பிள்ளைகளுக்கு அது திறந்த கதவு. யாழ்ப்பாணத்து இழப்பைப் பேசும் பலர் இதைச் சொல்வதில்லை என்பது என் மனக்குறை.

இன்றும் 40 வீதம் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. உயர்தரப் பெறுபேறு வந்தால் எங்கள் ஊரில் இசட் புள்ளியை, அதாவது அனுமதிக்குக் கணக்கிடும் புள்ளியை, கேட்பதற்கு முன் ‘மாவட்ட நிலை எத்தனை?’ என்றுதான் கேட்பார்கள். நான் உள்ளே போனதும் அந்த வழியில்தான். கொழும்பிலிருந்து எழுதியிருந்தால் என் புள்ளிக்கு அந்தத் துறை கிடைத்திருக்காது.

விண்ணப்பம் நிரப்பிய நாளில் அனுமதிக் கைநூலில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலை அப்பாவுக்குக் காட்டினேன். திருகோணமலை இருந்தது. யாழ்ப்பாணமும் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் வாசித்தார். அன்று இரவு மேசையில் தரப்படுத்தல் பேச்சே எழவில்லை.