வெயிலில் சுருண்டு விழுந்த கோழி பிழைக்குமா?

கேட்டிருப்பவர் மொட்டை மாடியில் நாட்டுக்கோழி வளர்க்கிறார். மதியம் ஒரு பெட்டைக்கோழி வாயைப் பிளந்து இரைத்துக்கொண்டே சரிந்துவிட்டது, இறக்கை இரண்டும் விரிந்து கிடக்கிறது, வாயில் தண்ணீர் ஊற்றினால் வழிந்துவிடுகிறது, என்ன செய்வது என்கிறார்.

முதலில் வாயில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். கோழியின் வாயைத் திறந்து பார்த்தால் நாக்குக்குப் பின்னாலேயே ஒரு சின்னத் துளை திறந்து திறந்து மூடுவது தெரியும். அதுதான் மூச்சுக்குழல். இரைத்துக்கொண்டிருக்கும் கோழிக்குத் தண்ணீர் ஊற்றினால் அது நேராக நுரையீரலுக்குப் போய்விடும். வெயிலைத் தாங்கிய கோழிகூட இந்தத் தண்ணீரால் செத்துப்போகலாம். வெளியிலிருந்து உடம்பைக் குளிர வைப்பது உங்கள் வேலை. தெம்பு வந்ததும் குடிப்பதை அது பார்த்துக்கொள்ளும்.

உடனே நிழலுக்கு, காற்று வரும் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். மாடியிலிருந்து கீழே இறக்கிவிடுங்கள், மாடித் தரையின் சூடு நிழலிலும் குறையாது. ஒரு பக்கெட்டில் தண்ணீர் எடுத்து, கோழியின் கால்கள் தொடை வரை முங்கும்படி நிற்க வைத்து, நெஞ்சுக்கு அடியில் கை கொடுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். தலை எப்போதும் மேலேயே இருக்கட்டும். மே மாத மதியத்தில் மேல்தொட்டிக் குழாயைத் திறந்தால் கை பொறுக்காத வெந்நீர்தான் வரும், அதனால் பானைத் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ எடுங்கள். ஐஸ் போட வேண்டாம். தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக்குழாய்கள் சுருங்கினால் உள்ளே இருக்கும் சூடு வெளியே வர வழியில்லாமல் போய்விடும், அதிர்ச்சியிலேயே உயிர் போவதும் உண்டு. தொட்டால் இதமாகக் குளிர்கிற தண்ணீர் போதும்.

இன்னொரு கையால் கொண்டையையும் தாடியையும் ஈரத்துணியால் ஒற்றுங்கள். பிறகு இறக்கையைத் தூக்கி, அடியில் முடியில்லாமல் இருக்கும் தோலை நனையுங்கள். முதுகில் குடம் குடமாக ஊற்றுவதில் பலனில்லை, இறகு தண்ணீரைத் தள்ளிவிடும். ஈரத்துண்டில் சுற்றி வைப்பதும் கூடாது, கொஞ்ச நேரத்தில் அந்தத் துண்டே போர்வையாகிச் சூட்டை உள்ளே பிடித்துவைக்கும். நனைத்த உடம்பின்மேல் காற்று படவேண்டும். டேபிள் ஃபேன் இருந்தால் வையுங்கள், இல்லையென்றால் விசிறி போதும்.

கோழிக்கு வியர்க்காது. அதன் சாதாரண உடல் சூடே 41, 42 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டை வெளியேற்ற அதற்கு இருப்பவை இரைப்பு, கொண்டை, தாடி, இறகில்லாத கால்கள், இறக்கையின் அடிப்பக்கம், இவ்வளவுதான். வெளிக்காற்றும் 40 டிகிரியைத் தொட்டுவிட்டால் இரைப்பு ஒன்றுதான் மிச்சம். காற்றில் புழுக்கமும் சேர்ந்தால் அதுவும் சரியாக வேலை செய்யாது. அதனால்தான் கடலோர ஊர்களில் வெயில் குறைவாகத் தெரிகிற நாளிலும் கோழி விழுகிறது.

நான் இருப்பது கரூர் பக்கம். அக்னி நட்சத்திரம் நெருங்கினால் வெயில் செய்தியில் கரூர் பரமத்தியின் பெயர் தவறாமல் வரும். எங்கள் பெருவிடைக் கோழி ஒன்று தகரக் கொட்டகையின் மூலையில் அடையில் இருந்தபோது இப்படித்தான் ஆனது. அடைக்கோழி தாகம் எடுத்தாலும் முட்டையை விட்டு எளிதில் எழாது. தூக்கியபோது கழுத்து துவண்டு என் முழங்கையில் சாய்ந்தது, கால் விரல்கள் சுட்டன. பக்கத்து வீட்டு அக்கா விசிற, நான் பக்கெட்டில் பிடித்துக்கொண்டிருந்தேன். முதலில் மாறியது கொண்டையின் நிறம். கருநீலமாக இருந்தது நுனியிலிருந்து மெல்லச் சிவந்தது. அப்புறம் தொண்டைத் துடிப்பு தளர்ந்தது, அரைக்கண் முழுதாகத் திறந்தது, ஒருமுறை தலையை உதறியது. இந்த வரிசை உங்களுக்கும் கைகொடுக்கும். கால் மணி நேரத்துக்குள் இரைப்பு தணிய ஆரம்பித்தால் நல்லது. வாயை மூடி மூச்சு விட ஆரம்பித்ததும் தண்ணீரிலிருந்து எடுத்துவிடுங்கள், அதற்குமேல் குளிர வைக்க வேண்டாம்.

இப்போது குடிக்கக் கொடுக்கலாம். அலகின் நுனியைத் தண்ணீரில் தொட்டு எடுங்கள், அதுவே தலையைத் தூக்கி விழுங்கும். விழுங்கத் தொடங்கிய பிறகு மருந்துக்கடை ஓஆர்எஸ் கொடுப்பது நல்லது. ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை நான் இரண்டு லிட்டர் தண்ணீரில் கலக்குகிறேன், கோழிக்கு உப்பு கூடினால் ஆகாது. பக்கத்தில் வெறும் தண்ணீரும் இருக்கட்டும். ஓஆர்எஸ் அரை நாளைக்குப் போதும். பாராசிட்டமால் நசுக்கிக் கொடுக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். இது காய்ச்சல் இல்லை, வெளியிலிருந்து ஏறிய சூடு. அந்த மாத்திரை இதை இறக்காது.

எழுந்து நின்றுவிட்டது என்று உடனே மற்ற கோழிகளோடு விட்டுவிடாதீர்கள். துவண்ட கோழியை மற்றவை கொத்தி விரட்டும், அது தண்ணீர்ச் சட்டியின் பக்கம் போகவே பயப்படும். இரண்டு நாளாவது வீட்டுக்குள் காற்றோட்டமான, வெளிச்சம் குறைந்த மூலையில் தனியாக வையுங்கள். அன்றைக்குத் தானியம் கொடுக்க வேண்டாம், தீனி செரிப்பதே உடம்பில் சூட்டைக் கிளப்பும். தர்பூசணி, வெள்ளரிக்காய், பொடியாக நறுக்கிய கீரை கொடுங்கள். மறுநாள் விடியற்காலையில் ஊறவைத்த கம்பு கொஞ்சம் கொடுக்கலாம்.

சில நாள் முட்டை நிற்கும், அல்லது கெட்டியான ஓடில்லாத தோல்முட்டை இடும். இரைக்கும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுவதால் ரத்தத்தில் காரத்தன்மை ஏறி, ஓடு கட்டத் தேவையான சுண்ணாம்புச் சத்து சரியாகக் கிடைக்காமல் போகிறது. கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் வையுங்கள், வேண்டியதை அது எடுத்துக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். விடியற்காலைக் குளிர்ச்சியிலும் கோழி உறங்கி உறங்கி விழுகிறது, பச்சையும் வெள்ளையுமாகக் கழிகிறது, கழுத்து முறுக்கிக்கொள்கிறது, அல்லது அடுத்தடுத்த கோழிகளுக்கும் பரவுகிறது என்றால் அது வெயில் இல்லை. வெள்ளைக்கழிச்சல் என்கிற ராணிக்கெட் நோயாக இருக்கலாம். உடனே பிரித்து வைத்துவிட்டு அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸ் இருக்கிறது. வெயிலில் விழுந்த கோழியும் அரை மணி நேரத்துக்குப் பிறகு கண் திறக்காவிட்டால், வலிப்பு வந்தால், அதே எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

மிச்சக் கோழிகளையும் இன்றைக்கே பாருங்கள். மாடியில் வளர்ப்பதை நான் தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் சித்திரை, வைகாசியில் காலை பத்து மணிக்கு மேல் அவை அங்கே இருக்கக் கூடாது. வேறு இடமே இல்லையென்றால் கூண்டின் கூரைமேல் தென்னங்கீற்றைத் தடிப்பாகப் போட்டுத் தண்ணீர் தெளியுங்கள், தரையில் ஈரமணல் பரப்புங்கள், பக்கங்களை அடைக்காமல் காற்றுக்கு விடுங்கள். மதியத்தில் பஞ்சாரத்தை, அதாவது கோழியை அடைக்கும் கூடையை, போட்டுக் கவிழ்க்காதீர்கள், காலையில் நிழலாக இருந்த இடம் இரண்டு மணிக்கு வெயிலில் இருக்கும். தண்ணீரை பிளாஸ்டிக்கில் வைக்காமல் மண்சட்டியில், இரண்டு மூன்று இடங்களில் வைத்து மதியம் மாற்றுங்கள். சூடான தண்ணீரைக் கோழி சரியாகக் குடிக்காது. தீனியைக் காலை ஏழு மணிக்குள் ஒரு பாதி, வெயில் சாய்ந்த பிறகு மறுபாதி என்று மாற்றிவிடுங்கள். அடைக்கோழி இருந்தால் தினமும் இரண்டு வேளை கையால் தூக்கிக் கொண்டுவந்து தண்ணீர்ச் சட்டி முன்னால் விடுங்கள், அதுவாக எழுந்து வரும் என்று காத்திருக்க வேண்டாம்.