எல்லா இடத்திலும் ‘எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?’ என்கிறார்கள், அதை எங்கே போய் வாங்குவது?

கேள்வி: விருதுநகர் பக்கம் ஒரு சிற்றூரைச் சேர்ந்தவள். 2024-இல் பி.காம் முடித்தேன். கணக்கு எழுதும் டாலி சாஃப்ட்வேர் கோர்ஸும் படித்துவிட்டேன். அக்கவுண்ட்ஸ் வேலைக்கு எங்கே போனாலும், “எத்தனை வருஷம் எக்ஸ்பீரியன்ஸ்?” என்று கேட்டுவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். 3,000 ரூபாய் கொடுத்தால் இரண்டு வருட அனுபவச் சான்றிதழ் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா? வீட்டில் பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கச் சொல்கிறார்கள். எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை.

பதில்: அந்தச் சான்றிதழ் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். வாங்காதீர்கள். 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்துக்கு பிஎஃப் கட்டாயம். புதிதாகச் சேரும்போது பிஎஃப் கணக்குக்கான பழைய யுஏஎன் எண்ணைக் கேட்பார்கள். எந்த நிறுவனம், எந்த மாதம், எவ்வளவு கட்டியது என்பதெல்லாம் அந்தக் கணக்கில் இருக்கும். “சின்னக் கம்பெனி, பிஎஃப் கிடையாதுன்னு சொல்லிக்கலாம்” என்று விற்கிறவர் சமாளிப்பார். சரி, சம்பளம் பேங்கில் ஏறியதைக் காட்டுங்கள் என்றால் என்ன செய்வீர்கள்? அதையும் தாண்டி உள்ளே போய்விட்டால்தான் பெரிய சிக்கல். இரண்டு வருட அனுபவசாலி என்று எடுத்தவருக்கு யாரும் எதையும் சொல்லித்தர மாட்டார்கள். முதல் மாத முடிவிலேயே தெரிந்துவிடும். போலி ஆவணம் கொடுப்பது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்க, நம் ஊர்களில் வியாபாரிகளும் ஆடிட்டர்களும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். ஒரு இடத்தில் கெட்ட பெயர் பத்து இடத்துக்குப் போய்ச் சேரும்.

இனி உங்கள் உண்மையான பிரச்சினைக்கு வருவோம். அக்கவுண்ட்ஸுக்கு ஆள் எடுக்கும் மேஜையின் அந்தப் பக்கம் பல வருடங்களாக உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: “எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?” என்று கேட்கிற முதலாளிக்கு மனதில் இரண்டு பயம். இந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமோ என்பது ஒன்று. சொல்லிக்கொடுத்து முடித்ததும் மூன்றே மாதத்தில் போய்விடுவாரோ என்பது இன்னொன்று. வருடக் கணக்கைக் கேட்டால் இரண்டுக்கும் பதில் கிடைத்துவிடும் என்று நினைக்கிறார். அது சோம்பேறித்தனமான வடிகட்டல்தான். நல்ல பிள்ளைகள் பலர் அதில் கழிந்துபோகிறார்கள். ஆனால் அந்தப் பயம் நிஜமானது. அதற்கு உங்களால் பதில் சொல்ல முடியும்.

முதல் பயத்தை எடுத்துக்கொள்வோம். டாலி கோர்ஸ் முடித்துவிட்டு வருகிறவர்களிடம் நான் இரண்டு பர்ச்சேஸ் பில்லைக் கொடுப்பேன். ஒன்று மதுரைக் கடையின் பில், மற்றொன்று பெங்களூரு கடையின் பில். என்ட்ரி போடச் சொல்வேன். மதுரை நம் மாநிலம் என்பதால் அந்த பில்லில் வரி சிஜிஎஸ்டி (மத்திய அரசுக்கு), எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசுக்கு) என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். வெளிமாநில பெங்களூரு பில்லில் ஐஜிஎஸ்டி மட்டும். இதைப் பார்த்ததும் சரியான லெட்ஜரில் (கணக்குத் தலைப்பில்) போட்டுவிட்டால் பாதி நிம்மதி. அடுத்து, “இந்த பெங்களூரு பில் நம்ம 2பி-யில் வரவில்லை, என்ன பண்ணுவீங்க?” என்று கேட்பேன். பலர் விழிப்பார்கள். 2பி என்பது, நாம் வாங்கியதற்கு விற்றவர்கள் காட்டிய பில்களை ஜிஎஸ்டி தளம் தொகுத்துத் தரும் பட்டியல். பதில் ஒன்றும் கஷ்டமில்லை. விற்றவர் தன்னுடைய விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1-இல் அந்தப் பில்லைக் காட்டியிருந்தால்தான் வாங்கியவரின் ஜிஎஸ்டிஆர்-2பி-யில் அது வரும். வரவில்லை என்றால் இந்த மாதம் அந்த வரிக் கிரெடிட்டை (வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்வதை) எடுக்காமல் நிறுத்தி வைத்து, தனியாகக் குறித்துக்கொண்டு, விற்றவருக்கு போன் போட்டுக் கேட்க வேண்டும். இப்படிச் சொல்கிற ஆளிடம் நான் வருடக் கணக்கு கேட்க மாட்டேன்.

அக்கவுண்ட்ஸ் அனுபவம் என்பதில் பெரும்பகுதி, மாதத்தின் ஓட்டம் கைக்குப் பழகுவதுதான். 7-ஆம் தேதிக்குள் போன மாதம் பிடித்த வரியான டிடிஎஸ் கட்ட வேண்டும் (மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை நேரம் உண்டு). மாதா மாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1. 14-ஆம் தேதி 2பி வரும். அதைப் பர்ச்சேஸ் ரிஜிஸ்டரோடு ஒப்பிட வேண்டும். 15-ஆம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ (ஊழியர் காப்பீடு). 20-ஆம் தேதி, வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி. காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் சின்ன வியாபாரிகளுக்குத் தேதிகள் வேறு. நடுவில் பேங்க் ஸ்டேட்மென்ட்டை நம் புத்தகத்தோடு சரிபார்க்கும் வேலை. மார்ச் 28 அன்று கொடுத்த செக் ஏப்ரல் 3 அன்று பாஸாகியிருக்கும், பேங்க் பிடித்த சார்ஜ் நம் கணக்கில் ஏறியிருக்காது. இப்படிப்பட்ட வித்தியாசங்களைக் கண்டுபிடிக்கத் தெரிந்தால் எந்த ஆபீஸிலும் உங்களுக்கு இடம் உண்டு.

இதை வீட்டிலிருந்தே பழக முடியுமா? பெரும்பாலும் முடியும். டாலியை லைசென்ஸ் வாங்காமலேயே எஜுகேஷனல் மோடில் ஓட்டிப் பார்க்கலாம். அதில் மாதத்தின் சில தேதிகளில் மட்டுமே என்ட்ரி போட முடியும். பழகுவதற்கு அது போதும். சொந்தத்திலோ தெருவிலோ கடை வைத்திருக்கும் ஒருவரிடம் கேளுங்கள். மாமாவின் மளிகைக் கடையோ, சித்தப்பாவின் ஹார்டுவேர் கடையோ, எதுவானாலும் சரி. “மூணு மாசக் கணக்கை நான் சும்மா எழுதிப் பார்க்கிறேன், பில்லெல்லாம் கொடுங்க” என்றால் தருவார்கள். கோர்ஸில் கொடுக்கும் பயிற்சிக் கணக்கு எப்போதும் டேலி ஆகும். நிஜக் கடையில் ஒரு பில் தொலைந்திருக்கும், ஒரு பில்லில் ஜிஎஸ்டி எண் தப்பாக இருக்கும், கடைப் பணத்திலிருந்து வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வாங்கியிருப்பார்கள். இந்தக் குழப்பத்தைப் பிரித்து எழுதியதுதான் உங்கள் முதல் அனுபவம். பயோடேட்டாவில் ‘கடின உழைப்பாளி’ என்ற வரியை எடுத்துவிட்டு, ‘ஒரு சில்லறைக் கடையின் மூன்று மாதக் கணக்கை டாலியில் எழுதி, வங்கிக் கணக்குடன் சரிபார்த்தேன்’ என்று போடுங்கள். கடைக்காரரின் அனுமதி இல்லாமல் பெயரையும் தொகையையும் வெளியே காட்டாதீர்கள். அடுத்தவர் கணக்கை ரகசியமாக வைத்திருப்பதையும் ஒரு தகுதியாகத்தான் பார்ப்போம்.

இரண்டாவது பயம், பாதியில் விட்டுவிட்டுப் போவது. “ஒரு வருட முடிவுக் கணக்கு பார்த்துவிட்டுத்தான் வேறு யோசனை” என்று தெளிவாகச் சொல்லுங்கள். பெண் பிள்ளைகளிடம் “கல்யாணம் ஆனா போயிடுவீங்களே” என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நியாயமில்லாத கேள்வி அது. ஆண்களிடம் யாரும் கேட்பதில்லை. கோபம் வரும், வர வேண்டியதுதான். இருந்தாலும் “இப்போதைக்கு அந்த யோசனை இல்லை சார், வேலைதான் முக்கியம்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, பேச்சை வேலைக்குத் திருப்பிவிடுங்கள்.

அப்புறம், எங்கே தேடுவது? உங்கள் ஊர்ப் பக்கம் அக்கவுண்ட்ஸ் வேலை பெரும்பாலும் விளம்பரத்துக்கே வராது. பருப்பு, எண்ணெய் மொத்த வியாபாரத்திலோ சிவகாசி அச்சகத்திலோ கணக்குப் பார்த்தவர் நின்றுவிட்டால், முதலாளி முதலில் சொல்வது தன் ஆடிட்டரிடம். அடுத்து, டாலி சர்வீஸுக்கு வருபவரிடம். ஆகவே நீங்களும் அங்கேதான் போக வேண்டும். ஆடிட்டர் ஆபீஸ்களுக்கும் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்து தருபவர்களிடமும் நேரிலேயே போய்க் கேளுங்கள். வருமான வரித் தாக்கல் சீசன் சூடுபிடிக்குமுன், ஏப்ரல், மே வாக்கில் போனால் ஆள் தேவைப்படும். மாதத்தில் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் நெருங்கும் நாட்களில் போகாதீர்கள், யாருக்கும் தலை நிமிர நேரமிருக்காது.

சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், அதை மறைக்கவில்லை. ஆனால் ஒரு கடையில் உட்கார்ந்தால் ஒரே வியாபாரத்தைப் பார்ப்பீர்கள். ஆடிட்டர் ஆபீஸில் அரிசி மில், ஆஸ்பத்திரி, லாரி கம்பெனி என்று எல்லாம் உங்கள் மேஜைக்கு வரும். சம்பளமே தராமல் “கத்துக்கோ” என்று மாதக்கணக்கில் வைத்திருப்பவர்களிடம் மட்டும் நிற்காதீர்கள். பஸ் காசும் சாப்பாடும் உங்கள் வீட்டிலிருந்து போகக் கூடாது.

அனுபவம் இல்லாததே தகுதியாக இருக்கும் ஒரு வழியும் உண்டு. மத்திய அரசின் ‘நாட்ஸ்’ தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம். ஒரு வருடப் பயிற்சி. இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு மட்டும் என்று பலர் நினைத்திருக்கிறார்கள்; பி.ஏ., பி.எஸ்ஸி., பி.காம் பட்டதாரிகளையும் எடுக்கிறார்கள். தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. நம் அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் என்எல்சியும் இந்த வழியில் பட்டதாரிகளை எடுத்துப் பயிற்சி கொடுத்திருக்கின்றன. 2019 விதித் திருத்தப்படி பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய் என்று வைத்தார்கள். இப்போதைய தொகையை அந்தந்த அறிவிப்பில் பாருங்கள். ஏற்கெனவே ஒரு வருடமோ அதற்கு மேலோ வேலை பார்த்தவர்கள் பொதுவாக இதற்கு விண்ணப்பிக்க முடியாது. அண்மை வருடங்களில் படிப்பு முடித்தவர்களைத்தான் எடுப்பார்கள் என்பதால் 2024-இல் முடித்த நீங்கள் தள்ளிப்போடக் கூடாது. நாட்ஸ் இணையதளத்தில் இந்த வாரமே பதிவு செய்துவிடுங்கள். பயிற்சி முடிந்ததும் நிரந்தர வேலை தருவார்கள் என்ற உறுதி கிடையாது. ஆனால் கையில் அரசுச் சான்றிதழ் இருக்கும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாம்களுக்கும் போய் வாருங்கள். செலவில்லாத இன்டர்வியூப் பழக்கம் அது.

பேங்க் எக்ஸாமை விட வேண்டாம். ஐபிபிஎஸ் கிளார்க் தேர்வுக்குப் பட்டம் போதும், பொதுப் பிரிவுக்கு வயது 20 முதல் 28 வரை. டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பே போதும், இன்டர்வியூவும் கிடையாது. இரண்டிலும் அனுபவம் கேட்பதில்லை. ஆனால் எக்ஸாமை மட்டும் நம்பி மூன்று வருடம் வீட்டில் உட்கார்ந்துவிட்டு, கிடைக்காமல் போனால் அப்போது வேலை தேடுவது இன்றைவிடக் கடினம். பகலில் ஆபீஸ், காலையில் இரண்டு மணி நேரம் படிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்கவுண்ட்ஸ் பழக்கம் இருந்தால் கணக்குப் பகுதியில் கையும் வேகமாக ஓடும்.

யார் பணம் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். பதிவுக் கட்டணம், டிரெயினிங் டெபாசிட், லேப்டாப்புக்கு முன்பணம் என்று பெயர் மாறும். வேலை கொடுக்கிறவர் பணம் கொடுப்பார், வாங்க மாட்டார். அதேபோல ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் டிகிரியையும் யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். காட்டுங்கள், நகல் கொடுங்கள். “நீங்க பாதியில போகாம இருக்கத்தான்” என்று கேட்பார்கள். பிறகு நல்ல வாய்ப்பு வரும் நாளில் அந்தக் காகிதத்துக்காக அவர்கள் வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.

வேலை கிடைத்த பிறகு செய்ய வேண்டியதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறைய பேர் கோட்டை விடுவது இங்கேதான். இரண்டு வருடம் ஒரு கடையில் நன்றாக வேலை பார்த்திருப்பார்கள். சம்பளம் கையில் ரொக்கமாக வாங்கியிருப்பார்கள், எழுத்தில் ஒன்றும் இருக்காது. அடுத்த இடத்தில் மறுபடியும் அனுபவம் இல்லாதவர்தான். சேரும்போதே லெட்டர்ஹெட்டில் சேர்ந்த தேதியும் பதவியும் போட்டு ஒரு கடிதம் கேளுங்கள். சம்பளத்தை, எவ்வளவு சின்னத் தொகையானாலும், பேங்க் கணக்கில் போடச் சொல்லுங்கள். பிஎஃப் இருந்தால் யுஏஎன் எண்ணை உங்கள் செல்போன் எண்ணோடு இணைத்து, மாதா மாதம் பணம் ஏறுகிறதா என்று பாருங்கள். விலகும்போது சொல்லிக்கொண்டு, பொறுப்பை ஒப்படைத்து, அனுபவச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வாருங்கள்.